இருபது டிகிரி

ஈசல்மிக்கு வெளியே, ஏரி இன்னும் உருகாத மார்ச்சில்,
என் பட்டறைக்கு அந்தக் காரை ஓட்டி வந்தவள் கைசு.
காரை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருஷம் என்னுடையது,
விவாகரத்தில் யார்மோவின் பங்குக்குப் போனது.
கைசு அதற்குப் பிறகு.

பின்சீட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள்.
தரைத் தகட்டில் ப்ளூபெர்ரிக் கறை மட்டும்
இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பனிமேல் ரேஸ்.
பெல்ட்டெல்லாம் அவரே மாட்டிவிட்டார்.
சும்மா ஒரு பார்வை பாருங்கள், போதும்."

பார்த்தேன்.
தோள்பட்டைகள் இரண்டும் சீட்டின் முதுகைத் தாண்டிச்
செங்குத்தாய் இறங்கித் தரையில் முடிந்திருந்தன,
கிணற்றுக்குள் விட்ட கயிறு மாதிரி.
மோதுகிற நொடியில் உடம்பு முன்னால் போகும்,
பட்டை அதைக் கீழே இழுக்கும்.
இடையில் சிக்கிக்கொள்வது முதுகெலும்பு.

அதை அவளிடம் சொல்லவில்லை.
"அந்தப் பதினேழு ஸ்பேனரை எடுங்கள்" என்றேன்.

போல்ட் வந்ததும் அதன் அடியில்
காசளவு ஒரு வாஷர், அவ்வளவுதான்.
தாங்குதகடு இல்லை.
ஓட்டையைச் சுற்றித் தகரம் இப்போதே குழிந்திருந்தது.
எட்டு நிமிஷ ரேஸ்தானே என்று நினைத்திருப்பார்.
எங்கள் கல்யாணத்தையும் கைக்கு இறுகின அளவோடு விட்டவர்.
நானும்தான். ஸ்பேனரைத் தேடி எழுந்து போகவில்லை.

பட்டையின் நுனியைத் திருப்பினேன்.
தைத்த சீட்டில் காலாவதி வருஷம், போய் நாலு வருஷமாகிறது.
அதன் பக்கத்தில், நீல மையில்,
என் கையெழுத்து.

இது என் பெல்ட்.
காயானி பந்தயத்தில் மூன்று முறை உருண்டபோது
என்னைப் பிடித்து வைத்திருந்தது இதுதான்.
குப்பையில் போடச் சொல்லியிருந்தேன்.
அவர் எதையும் குப்பையில் போடமாட்டார்.

ஒருமுறை இழுபட்ட நெசவு
பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும்.
அது நீளவேண்டிய நீளத்தை
எனக்காக நீண்டு தீர்த்துவிட்டது.
அவளுக்கென்று மிச்சம் இல்லை.

கத்தரிக்கோலால் ஆறு பட்டைகளையும் வெட்டினேன்.
கைசு வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.
"இப்படித்தான் செய்யவேண்டும்,
வேறு யாரும் எடுத்து மாட்டாமலிருக்க."

அலமாரியில் ஒரு புது செட் இருந்தது,
எனக்காக வாங்கி, ஏனோ பிரிக்காதது.

கூண்டின் குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்தேன்.
பிறகு அவளை உட்காரச் சொன்னேன், ரேஸ் உடையோடு.
கோணத்தை வெறும் சீட்டில் அளக்க முடியாது,
ஆள் வேண்டும்.
தோளிலிருந்து பின்னால் கிடையாகப் போகலாம்,
சற்றுச் சரியலாம்,
இருபது டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.
என்னைவிடக் குட்டை அவள்.
மட்டக்கோலைப் பிடிக்க அவள் கழுத்தருகே குனிந்தேன்.
யார்மோ வாங்கும் அதே தார் சோப்பு வாசனை.
பதினொன்று. சரி.

"இடுப்புப்பட்டை வயிற்றில் ஏறக்கூடாது" என்று
அவள் கையை எடுத்து
அவள் இடுப்பெலும்பின் மேலேயே வைத்தேன்.
"இங்கே. முதலில் இதை இறுக்குங்கள்,
தோளுக்கு உள்ளதைக் கடைசியில்."
தொடைகளுக்கிடையே வருகிறவை இரண்டும்
ஆளைக் கீழே நழுவவிடாமலிருக்க.
பக்கிளில் நுழைத்த வாலைத் திருப்பி இன்னொரு தரம் நுழைத்து
ஒரு சாண் மிச்சம் விட்டேன்.

"அசையவே முடியவில்லையே."

"அதற்குத்தான்."

தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத் தகடுகள்.
போல்ட் ஒவ்வொன்றும் டார்க் ரென்ச் 'டக்' என்னும்வரை.
ஒன்றை மறுபடி சோதித்தேன்.
அந்த ஒன்றை ஏன் என்று கேட்கவேண்டாம்.

கடைசியாகச் சொன்னேன்:
"கட்டிக்கொள்ள எல்லோருக்கும் தெரியும்.
கழற்றப் பழகுங்கள்.
கண்ணை மூடி, ஒரு கையால், பத்து முறை.
கார் தலைகீழாய்க் கிடக்கிறது, புகை வருகிறது
என்று வைத்துக்கொண்டு."

மூன்றாம் முறை தடுமாறினாள்.
ஏழில் கெட்ட வார்த்தை சொன்னாள், கிழக்கத்திய உச்சரிப்பில்.
பத்தாவது முறை
பக்கிள் திரும்பியதும் எல்லாப் பட்டைகளும் ஒரே சமயத்தில் விழுந்தன.

அவள் உடனே இறங்கவில்லை.
"உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும்?"

போல்ட்டுக்கு மட்டும் கணக்கு எழுதினேன்.