பதினோரு கிலோ

குன்னூர் மார்க்கெட் கடையில்
ஆயிரத்து இருநூறு வாட் என்றார்.
எடை எவ்வளவு என்றேன்.
சிரித்தார்.
"தூக்கிக்கிட்டா நடக்கப் போறீங்க?"

நானில்லை, அதுதான் நடக்கும்.
பழைய மிக்ஸர் நாலு கிலோ.
பன் மாவு இறுகியதும்
மேடையின் விளிம்புவரை நடந்துபோய்
ஒரு திங்கட்கிழமை குதித்தேவிட்டது.

புதியதை
எழுபத்திரண்டு படி சுமந்துவந்த ஆல்துரை
கூலி வேண்டாம், முதல் ரொட்டி போதும் என்றான்.

இரண்டாம் வேகம். அதற்கு மேல் கூடாது.
கொக்கியில் ஏறிக்கொள்ளும் மாவை
நிறுத்தி, வழித்து, மறுபடி.
பக்கத்து வீட்டு பல்பு மங்கினால்
பியூலா சுவரைத் தட்டுவாள்.
நானும் தட்டுவேன்:
இன்னும் நாலே நிமிஷம்.

விரித்துப் பிடித்தால் கிழியாமல்
ஜன்னல் வெளிச்சம் தெரிய வேண்டும் மாவில்.
தெரியவில்லை.
மாவில் குறையில்லை,
மூன்று மணிக்கே ஜன்னலை
மஞ்சு அடைத்துவிட்டது.

வெண்ணெய் கல். ஈஸ்ட்டுக்கு இன்னும் விடியவில்லை.
எஃகுக் கிண்ணத்துக்கு என் ஸ்வெட்டரை மாட்டி
இரண்டு கைகளையும் முன்னால் முடிச்சிட்டேன்.

படியில் செருப்புச் சத்தம்.
ஆல்துரை.
வெந்துருச்சா என்றான், மூச்சு வாங்க.
உப்பவே இல்லை என்று
அடுப்போரம் உட்காரவைத்து
கிண்ணத்தை அவன் மடியில் கொடுத்தேன்.