சொத்து விவரப் படிவம்

வியாழக்கிழமைகளில் நான் அதிகம் பேசுவதில்லை.
அன்றைக்குத்தான் நொடிப்பு வழக்குகள்.
பத்து மணிக்குள் வெளி நாற்காலிகள் நிறைந்துவிடும்:
நாசி பாடாங் கடை, மூடிய உடற்பயிற்சிக்கூடம்,
மச்சானுக்காகப் போட்ட ஒரே ஒரு கையெழுத்து.
எவ்வளவு நேரம் ஆகும் என்பார்கள்.
மூன்று நிமிடம் என்பேன்.
அவ்வளவுதானா என்று
என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள்.
நொடி என்றால் கணம். நொடிந்தால் முறிவு.
தமிழ் எனக்கு முன்பே
இந்தத் துறையில் பழகியிருக்கிறது.

கல்யாண விருந்துகளில்
பல் வைத்தியரின் கார்டை வாங்கிக்கொள்கிறார்கள்,
வீட்டு முகவரின் கார்டைக் கேட்டு வாங்குகிறார்கள்.
என்னுடையதை நீட்டினால்
"வேணாம்மா கனகம், உன்கிட்ட வர்ற நிலைமையே வேணாம்"
என்று கும்பிடு,
சிரித்துக்கொண்டேதான்.

நான் கரையேற்றியவர்கள்
புளோக்கின் கீழே எதிர்ப்பட்டால்
திடீரென்று கைப்பேசியில் அவசரமாகிறார்கள்.
தப்பில்லை.
என் முகம் அவர்களுக்கு ஐந்து வருடம்.
ஜோகூரில் தங்கை மகள் வளைகாப்புக்குப் போய்வர
அனுமதிக் கடிதம் கேட்டு நின்ற ஐந்து வருடம்.
வேலை சரியாக முடிந்தது என்பதற்கு
அவர்கள் என்னை மறப்பதே அத்தாட்சி.
நன்றிக்கு நான் எங்கே போவது?

நேற்றிரவு
சிட்டி ஹால் பக்கத்து ஓட்டலில், நான்காம் மாடி,
கோழி ஆறிக்கொண்டிருந்தபோது
குவெக் சியூ ஹோங் எழுந்து மைக்கைத் தட்டினார்.
பதினேழு வருடம் எனக்கு எதிர்ப்பக்கம்.
வங்கிகளின் ஆள்.
ஒரு காற்புள்ளியைக்கூட இனாமாகத் தராதவர்.
நான்கு முறை என்னைத் தோற்கடித்தார்.
ஒரே முறை, ஹனிஃபாவின் ரொட்டிக்கடை வழக்கில்,
அந்த இரண்டு அடுப்பும் தொழிற்கருவி, தொடக் கூடாது என்று
நான் ஜெயித்தேன்.

"கனகவல்லி வருகிறார் என்று தெரிந்தால்
முந்தின இரவு
என் ஃபைலை நானே இன்னொரு முறை படிப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு.
உட்கார்ந்து ஆறிய கோழியை வெட்ட ஆரம்பித்தார்.

நூற்றிருபது பேர் கைதட்டினார்கள்.
என் அடிக்குறிப்புகள் வரை படித்தவர்கள்.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
ஒரு கெடுவை நான் தவறவிட்டதும்
அந்த மேசைகளுக்குத் தெரியும்.
தெரிந்தும் தட்டினார்கள்.
கண்ணாடிப் பலகை ஒன்று தந்தார்கள்,
என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே
குறுக்குக் கோடு பிசகாமல்.

தோ பாயோ வரை ரயிலில் மடியில் வைத்திருந்தேன்.
விருந்தில் சாப்பிடவில்லை; காப்பிக்கடையில் பரோட்டா.
இரண்டு மேசை தள்ளி ஹனிஃபா.
பார்த்தார். கைப்பேசியை எடுத்தார்.
நானும் விலைப்பட்டியலைப் படித்தேன்.
அவர் காலடியில் கடைப் பெயர் அச்சடித்த
ரொட்டிப் பெட்டிகள், ஏழோ எட்டோ.
ஆக, அடுப்பு எரிகிறது.

வீட்டில், சமையலறை மேசையில்,
பழக்கதோஷம்,
படிவம் மனதுக்குள் தானாக நிரம்புகிறது:
பொருள்: கண்ணாடிப் பலகை, ஒன்று.
பெற்ற விதம்: அன்பளிப்பு அல்ல.
மறுவிற்பனை மதிப்பு: இல்லை.

இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி
எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்பேன்:
வேறு ஏதாவது இருக்கிறதா,
யோசித்துச் சொல்லுங்கள்,
மறைத்தால் குற்றம்.

இருக்கிறது.
பெருமை.
இரவு ஒன்பது நாற்பதிலிருந்து
முழுதும் என் பெயரில்,
அடமானம் ஏதுமில்லை.
தன்னைத் தானே மெச்சிக்கொள்ளாதே என்று
வளர்த்தார்கள் என்பதால்
இத்தனை வருடம் கணக்கில் காட்டாதது
இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.

எங்கே வைப்பது என்று தெரியாமல்
பலகையை அரிசி டின் மேல் வைத்தேன்.
காலையில் நகர்த்திவிட்டுத்தான் அரிசி எடுத்தேன்.

இன்று வியாழன்.
பதினொன்றாவது வழக்கு, எதிரே குவெக்.
படித்துவிட்டு வந்திருப்பார்.
நானும்தான்,
இரண்டு முறை.