நாற்பதில் போகும் வண்டி

வெடிமருந்தும் டெட்டனேட்டரும் பங்காளிகள் மாதிரி.
போவது ஒரே மலைக்குத்தான்,
ஆனால் ஒரே வண்டியில் ஏறாது.
ஆகவே முன்னால் கமீஸின் போலீஸ் வண்டி,
நடுவில் பதினோரு டன் மருந்தோடு நான்,
முந்நூறு மீட்டர் பின்னால்
சின்னப் பெட்டியோடு சேக் உதுமான்.

மணிக்கு நாற்பது. அதற்கு மேல் முள் ஏறினால்
கம்பெனியில் ஒரு கருவி எழுதிக்கொள்ளும்.
ஃபுஜைரா போகிற அவசரக்காரன் எவனாவது
ஒட்டி வந்து ஹாரனில் கை வைப்பான்.
ஆரஞ்சுப் பலகையைப் படித்ததும் எடுத்துவிடுவான்.
பிறகு கண்ணாடியில் அவன் இருக்கமாட்டான்.
இவ்வளவு மரியாதை
என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

மசாஃபி தாண்டி, ஓர் ஆகஸ்ட் காலையில்
டயர் வெடித்தது.
வெறும் டயர். ஆனால் அதை
அந்த நேரத்தில் யார் வந்து காதில் சொல்வது?
கமீஸ் சீருடையோடு பள்ளத்தில் படுத்திருந்தார்.
நான் எப்போது இறங்கினேன்,
எப்போது அந்த முள்மரத்துக்குப் பின்னால் போனேன்,
இன்றைக்கும் கணக்கு வரவில்லை.
ஒரு கால் ஷூ வண்டிக்குள்ளேயே இருந்தது.
மருந்து மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தது,
பரீட்சைக்கு வந்த நல்ல பிள்ளையாக.

டெட்டனேட்டருக்குப் பக்கத்தில் வயர்லெஸ் கூடாது.
கைபேசிகளெல்லாம் கிடங்கு வாசலில்
தில்பகதூர் பூட்டிய மரப்பெட்டிக்குள்.
என்னைக் கேட்க உதுமானுக்கு வழியே இல்லை.
புழுதி அடங்கியதும் பார்த்தேன்:
சாலை நடுவில்,
கானல் இடுப்புவரை தின்றிருக்க
ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.
தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.
அங்கேயே உட்கார்ந்துவிட்டான், தாரில்,
அந்த வெயிலில்.

"அல்ஹம்துலில்லான்னு கத்துனேனே, கேக்கலியா?"
என்றான் சாயங்காலம், மீன் கழுவிக்கொண்டே.
கேட்கவில்லைதான்.
கேட்டுச்சு என்றேன்.

ஆறு வருடத்தில் ஒரு வெடியைக்கூட நான் பார்த்ததில்லை.
குழியில் இறக்குவது குல் ஜமானின் வேலை.
சைரன் ஊதும்போது நான் கேட் அருகே
காலி அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
சுலைமானியில் ஒரு வட்டம் விழும்.
மலை உடைவதென்றால் எனக்கு அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிகளை எரித்தே ஆகவேண்டும்.
புதிதாக வந்த அருளப்பன் ஒன்றை ஒளித்துவிட்டான்.
நல்ல கனமான அட்டையாம்.
போர்வை, பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாம் கட்டி
கார்கோ கடையில் எடை போட்டான்.
இருபத்தெட்டு கிலோ.
பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைக்
கடைக்காரர் நிதானமாகப் படித்தார்.
கடை காலி. அந்தத் தெரு காலி.
அருளப்பன் மட்டும் ரசீதுக்காக நின்றிருக்கிறான்.

நான் ஊருக்குக் கிளம்பிய இரவு, ஷார்ஜாவில்,
உள்ளங்கையை ஒரு துணித்துண்டால் துடைத்தார்கள்.
இயந்திரம் கத்தியது.
கழுவி வரச் சொன்னார்கள். கத்தியது.
சோப்புப் போட்டு முழங்கைவரை. கத்தியது.
லைசென்ஸ் அட்டையை நீட்டினேன்.
அதிகாரி அட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்,
இதே கையால்தான் சாப்பிடுவாயா என்றார்.
கம்பெனியில் வேறு கை தரவில்லை சார்.

தீபாவளிக்கு மைத்துனன் பையன்
வாசலில் ஒற்றை லட்சுமி வெடி வைத்தான்.
நான் நடந்தேன். ரேஷன் கடை வரைக்கும்,
அதையும் தாண்டி.
"ஒத்த வெடிக்கு இந்த ஓட்டமா!"
தெருவே கேட்கச் சிரித்தாள் மங்களேசுவரி.
லாரி டிரைவர் என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும்.

ஓடவில்லை. நடந்துதான் போனேன்.
எங்கள் தெரு
மொத்தமே நூற்றிருபது மீட்டர்.