கப்பல் ரத்தான வாரம்

புயலுக்குப் பெயர் வைத்தவர்கள்
என் விடுப்பைக் கேட்டு வைக்கவில்லை.
அந்தமான் கப்பல் ரத்து என்று
துறைமுகச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டு
பசை டப்பாவோடு நடந்துபோனார் ஒருவர்.
மிச்சம் ஐந்து நாள்.
முதுகில் பை. பைக்குள்
அரைக்கால் சட்டை மூன்று, வெயில் களிம்பு,
எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய நீச்சல் கண்ணாடி.
கடலுக்கென்று கட்டிய கட்டை அவிழ்க்க மனமில்லாமல்
அப்படியே தூக்கிக்கொண்டு
ரயில் மாறி, பஸ் மாறி
வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறினேன்.

பூம்பாறையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது,
குளிர் விடவில்லை.
என் முழங்காலைப் பார்த்து
டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

பூமயில் வீட்டில் ஒரு அறை.
இரவுக்கு முந்நூறு, வெந்நீர் ஒரு வாளி,
கம்பளி இரண்டு, மூன்றாவது கேட்டால் இருபது.
அறைக்கும் அடுப்படிக்கும் சேர்த்து மேலே ஒரே பரண்,
அதில் கொத்துக் கொத்தாய் விதைப்பூண்டு தொங்க
அடியில் ஈரவிறகு புகைந்துகொண்டே இருக்கும்.
புகை பூண்டுக்கு.
மீந்தது எனக்கு.

முதல் இரவு இருமினேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் அவளும் இருமினாள்.
பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

விடிந்து, தைலமரங்களுக்கு மேலே ஏறிப் போய்ப் பார்த்தால்
ஊரைக் காணோம்.
பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை,
அலை இல்லை, சத்தம் இல்லை,
தூரத்தில் நாலைந்து முகடுகள் மட்டும்
கரையேறப் பார்க்கும் எருமைகள் மாதிரி.
காலடியில் என் தீவு, டிக்கெட் வாங்காமல்.
சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடி வந்து சொன்னேன்.
அவள் விறகைத் தள்ளிவிட்டு,
"அது வெலகினாத்தான் லாரி வரும்" என்றாள்.

வடுகபட்டி சந்தைக்குச் சரக்கோடு போன புருஷன்
பாதையில் மண் சரிந்து நடுவழியில் நிற்கிறானாம்.
முப்பது மூட்டை, தார்ப்பாய் ஒன்றுதான்.
போனில் சிக்னல் வந்தால் அவன் பேசவில்லை,
அவன் பேசினால் சிக்னல் இல்லை.
பஸ்ஸும் வராது, நீங்களும் போக முடியாது என்றாள்.
எனக்கு உள்ளே சின்னதாய் ஒரு சந்தோஷம்.
முகத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்,
வந்திருக்கும்.

சும்மாதானே இருக்கீங்க என்று
முறத்தை என் பக்கம் தள்ளினாள்.
நடவுக்குப் பல் உடைக்க வேண்டும், தோல் கிழியாமல்.
நான் உடைத்ததில் பாதி குழம்புக்குப் போயிற்று.
நகக்கண் எரிந்தது. மத்தியானத்துக்கு மேல்
விரலில் எது என் தோல் என்று தெரியவில்லை.

பரணில் ஏறிக் கொத்துகளைத் திருப்பிப் போட்டுவிட்டு
கண் சிவக்க இறங்கினாள், மூன்று தடவை.
நாலாவது தடவை போகுமுன்
பையைத் துழாவி அதை எடுத்து நீட்டினேன்.
இது எதுக்கு?
தண்ணிக்குள்ள பாக்க.
தண்ணியிலே என்ன இருக்கு பாக்க?
மீன் என்றேன். பவளம்.
மாட்டிக்கொண்டாள்.
ஏணியில் இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது,
நீலப் புகைக்குள் தலை முங்கியது.
கொத்துகள் உரசும் சத்தம் மட்டும்.
எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்,
நான்தான் மூச்சை அடக்கியிருந்தேன்.
இறங்கி வந்தபோது கண்ணைச் சுற்றி
இரண்டு சிவப்பு வளையம். கண் வெள்ளையாய் இருந்தது.
"ஒரு சொட்டுக்கூட வரல" என்றாள்,
மண்சரிவுக்குப் பின் முதல் தடவையாகச் சிரித்து.

நாலாம் நாள் பாதை திறந்தது.
முப்பதில் எட்டு மூட்டை நனைந்துவிட்டதாம்.
நாலு இரவுக்கு ஆயிரத்து இருநூறு எடுத்து நீட்டினேன்.
எண்ணி, முந்நூறைத் திருப்பிக் கொடுத்தாள்.
"கண்ணாடிக்கு."
பேரம் பேச அவளும் விடவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வளைவில் பக்கத்து இருக்கைக்காரர்
என் பையை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்,
கிலோ என்ன விலைக்குப் போகுது?
பைக்குள் ஒரு பல்கூட இல்லை.
முந்நூறு என்றேன்.