ஜப்திப் பட்டியலில் ஏழாவது இனம்

தரைவாடகை கட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாக
சர்க்கஸ்காரன் கிளம்பிவிட்டான்.
விட்டுப்போனதை நான்தான் எழுதினேன்:
கிழிந்த கூடாரம் இரண்டு, ஓடாத ஜெனரேட்டர் ஒன்று,
பலகை, இரும்புக் கம்பி, கோமாளித் தொப்பி.
ஏழாவது இனம், கொரில்லா. ஆண். ஒன்று.

மூன்று முறை ஏலம் கூறினோம்.
டீக்கடை பரமார்த்தலிங்கம் மட்டும் வந்தார்,
"கூண்டு மட்டும் தருவீயளா?"

அப்படித்தான் பாளையங்கோட்டை நகராட்சிப் பூங்காவில்
இரண்டு மயில், ஒரு முதலை, சொறிபிடித்த மான்களுக்கு நடுவே
மேஜர் குடியேறினான்.
சர்க்கஸில் சல்யூட் அடிக்கப் பழக்கியிருந்தார்களாம்.
எங்கள் ஊரில் ஒருவருக்கும் அடித்ததில்லை.
கலெக்டர் வந்தபோது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.
அந்த முதுகைப் பார்க்கத்தான் முதலில் கூட்டம் வந்தது.

சங்கரன்கோயில், அம்பை, வள்ளியூர், எங்கிருந்தெல்லாமோ.
"கொரங்கு ஸ்டாப்பு எறங்கு" என்றார்கள் கண்டக்டர்கள்.
தேர் நிலைக்கு வருமுன்னே
தேர் பார்க்க வந்த சனம் ஆறு தாண்டி இங்கே நின்றது.
நாலணா டிக்கெட்.
அதில் இரண்டு தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டோம்.
கல்வெட்டில் சேர்மன் பேர் இருக்கிறது.

தணிக்கைக்காரர் கேட்டார்:
மாதம் நானூறு பழம் தின்றதை எண்ணியவர் யார்?
எண்ணியவர் காவலர் உய்க்காட்டான்.
எழுதத் தெரியாது. சுவர் முழுக்கக் கரிக்கோடு.
தோலையும் தின்னுமா என்று இன்னொரு ஆட்சேபணை.
"மட்டின்னா தோலோட, நாட்டுப்பழம்னா உரிச்சு."
அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஏதோ கொடை முடிந்து திரும்பியவர்களில் ஒருவன்
எரிகிற சுருட்டைக் கம்பிக்குள் போட்டான்.
மேஜர் எடுத்தான், முகர்ந்தான், வாயில் வைத்தான்.
ஊர் கைதட்டியது.
அப்புறம் ஞாயிறுதோறும் சுருட்டு.
போடக்கூடாதென்று போர்டு வைத்தோம்.
போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து விற்றார்கள்.
மச்சினன் மெட்ராஸிலிருந்து வந்திருந்தபோது
நானும் ஒன்று போட்டேன்.
அது எந்த ஃபைலிலும் இல்லை.

ஆனியில் மேற்கே சாரல் இறங்கும் நாட்களில் மட்டும்
சுருட்டைத் தொடமாட்டான்.
பொதிகைப் பக்கம் மூக்கைத் தூக்கி
ஈரக்காற்றில் அப்படியே இருப்பான்.
"மலைய நெனைக்கான் வே" என்பார் உய்க்காட்டான்.
எந்த மலையை?
சர்க்கஸ் காகிதத்தில், பிறந்த இடம் என்ற கட்டத்தில்
'ரயில்' என்று போட்டிருந்தது.

மாசியில் இருமல். ஞானதுரை டாக்டர்
மாட்டு ஊசியைக் கணக்குப் பார்த்துப் போட்டார்.
கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய், பூங்காவுக்கு விடுமுறை.
பார்க்க ஆளில்லாத நாளாகப் பார்த்து.
சுவரில் அன்றைக்கு மூன்று கோடு.

உரக்கிடங்கில் எட்டடிக் குழி.
டாக்டர் கைரேகை வேண்டுமென்றார், மதுரைக் கல்லூரிக்கு.
என் மேசை மைப்பெட்டியை எடுத்துப்போனேன்.
உய்க்காட்டான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள
விரல் விரலாக உருட்டினோம், ஊதாவில்.
பத்திரத்துக்கு வருகிறவர்களுக்கு உருட்டுகிற மாதிரிதான்.
சுழி இருந்தது. வளையம் இருந்தது.

இனம் ஏழு, கழிவு செய்யப்பட்டது.
மீட்ட தொகை, இல்லை.
ஒப்பமிட்டு நாடாவைக் கட்டினேன்.

வியாழக்கிழமை ஒருவன் வந்தான்,
பெண்பிள்ளை பிறந்ததைப் பதிய.
பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தான்.
எடுத்தபோது ரேகையின்மேல் ஒட்டியிருந்தது
கட்டையாக, கறுப்பாக ஒரு மயிர்.
"எதுக்க சார் இது?" என்றான்.
ஊதினேன். போகவில்லை.