தாரு எவ்வளவு, கல்லு எவ்வளவு

"தாருல எவ்வளவு ஓடும், கல்லுல எவ்வளவு ஓடும்?
அத முதல்ல சொல்லுங்கக்கா" என்றான்
வடசேரி டயர்க்கடை அஜிலின்.
ஜீப்பைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தான்.
சேறு எந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கும் போல.

கீரிப்பாறை வரைக்கும் தார்.
அதற்கு மேல் கிராம்புத் தோட்டத்துக்குப் போகிற வழிக்கு
வழி என்று பேர், அவ்வளவுதான்.
கிலோமீட்டர் கணக்கில் தாருக்கு முக்கால் பங்கு.
நேரக் கணக்கில் கல்லுக்கு முக்கால்.
பயக் கணக்கில் பார்த்தால்
தாருக்கு ஒன்றும் மிஞ்சாது.
"பாதிக்குப் பாதி" என்றேன்.

முதலில் உருட்டி வந்தது சேற்று டயர்.
கட்டை கட்டையாய்ப் பல், நடுவில் விரல் நுழையும் பள்ளம்.
ஆசை வந்தது, ஒளிக்கவில்லை.
"இது மலையில புலி.
தாருல, பூதப்பாண்டி தாண்டுமுன்ன காது வலிக்கும்.
நனைஞ்ச ரோட்டுல பிடி குறைவு. சீக்கிரம் தேஞ்சிரும்."
அடுத்தது எல்லாத் தரைக்கும் ஆனது.
பல் சிறிது, நெருக்கம். பக்கச்சுவர் தடிமன்.
"இது எங்கயும் புலி இல்லக்கா.
எங்கயும் பூனையும் இல்ல."

ஒன்று ஒன்பதாயிரத்து முந்நூறு. நாலு வேண்டும்.
ஆளுக்கு அறுபது ரூபாய் வண்டிக்கூலி;
அறுநூற்று இருபது பேர் ஏறி இறங்க வேண்டும்,
டீசல் இல்லாமல் ஓடினால்.

குனிந்து பக்கச்சுவரைத் தடவினேன்.
முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம்:
இருபத்தொன்றாம் வருசம், இருபத்திரண்டாம் வாரம்.
"இது உம்ம கடைக்குள்ளயே வருசக்கணக்கா ஓடியிருக்கே" என்றேன்.
சிரித்துக்கொண்டே உள்ளே போய்
வேறு நாலு உருட்டி வந்தான்.
சிரித்த அளவுக்கு விலை குறையவில்லை.

தினமும் தாண்டிப் போகிற மரங்களின்
சிரட்டைப் பால் ஞாபகம் வந்து,
"ரப்பர் நம்ம ஊருதானா?" என்று கேட்டேன்.
"தாய்லாந்தா இருக்கும், கெமிக்கலா இருக்கும்,
யாரு கண்டா."

பழசைக் கழற்றினார்கள்.
பின் இடது டயர் உள்பக்கம் வழுக்கை, நூல் தெரிந்தது.
நான் ரசீதைப் படித்துக்கொண்டிருந்தேன்.
கார்த்திகை மழையில், மூன்றாம் வளைவில்,
பதினொரு பெண்களோடும் ஆறு மூட்டை உரத்தோடும்
பின்னோக்கிச் சறுக்கியது அதுதான்.
ஒரு ஆள் நீளம் சறுக்கியது.
ஒரு ஆள் எவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
ரோசிலி குதித்து, கல் தூக்கி,
சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
மறுநாள் பத்துப் பேர் ஏறினார்கள்.
ரோசிலி நடந்தாள். இன்று வரைக்கும் நடக்கிறாள்.

தேறிய பழசு ஒன்றை ஸ்டெப்னிக்கு மாட்டச் சொன்னேன்.
"முதல் இருநூறு கிலோமீட்டர் பய்ய போங்க" என்றான்.
இறச்சகுளம் தாண்டும்போது
நாலு சக்கரமும் ஒரே சுருதியில் முனகின.
புலி இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று.

காலையில், ரப்பர்த் தோட்டத்து ஓரமாய் ரோசிலி.
நிறுத்தினேன். ஹார்ன் அடிக்கவில்லை.
அவளாகவே வந்தாள், பின் இடது பக்கம்.
பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்தாள்.
புது டயரின் ரப்பர் முடி ஒன்றைப் பிய்த்து
விரலிடையில் உருட்டினாள்.
"எத்தன ரூவா?"
சொன்னேன்.
"மழைக்குப் பொறவு பாக்கட்டு" என்று
குறுக்குப்பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாம் வளைவு.
சின்னக் கியர், நாலு சக்கரத்துக்கும் இழுவை.
வண்டிக்குள் பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.
கல்லைக் கடித்தது டயர், விட்டது, மறுபடி கடித்தது.
ஏறி நின்றதும் கண்ணாடியில் பார்த்தேன்.
வளைவின் ஓரத்தில் ரோசிலி நிற்கிறாள்,
இரண்டு கையிலும்
ஒரு கல்லை ஏந்திக்கொண்டு.