மூலைகளின் விலை

நாயை அளப்பது சுலபமில்லை.
நாடாவை நீட்டினால் விளையாட்டென்று கவ்வும்,
இல்லையென்றால் ஊசியென்று பின்வாங்கும்.
துனாய் இரண்டும் செய்யவில்லை.
மூன்று மீட்டர் சங்கிலி முடிகிற இடத்தில் நின்று
என்னை, என் வண்டியை,
வண்டிக்குப் பின்னால் ஓடும் ஓராவா ஆற்றை
ஒரே அலட்சியத்தோடு பார்த்தது.

மூக்கிலிருந்து வாலின் தொடக்கம் வரை தொண்ணூற்றாறு.
தோள் உயரம் அறுபத்தெட்டு.
நெஞ்சைத் தொட விடவில்லை;
கண்ணால் அளந்து முப்பது என்று எழுதிக்கொண்டேன்.

யார்மிலா வாசலில் நின்று
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பேசினாள்.
"அண்ணன் ஏழு வருஷம் கட்டியே போட்டிருந்தான்.
இப்போது ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான்,
நாய் என் தலையில்.
சங்கிலி கூடாதென்று தாள் வந்திருக்கிறது.
பெரிய வீடாகச் செய். பாவம், பனி கொல்லும்."

பெரிய வீடுதான் குளிரும் என்றேன்.
இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிறேன்,
யாரும் நம்புவதில்லை.
நாய்க்கு அடுப்பு அதன் உடம்பு.
எழுந்து நிற்க, ஒருமுறை சுற்ற, சுருண்டு படுக்க
இடம் போதும்;
மிச்சமெல்லாம் பனிக்கு விடும் வாடகை அறை.
தரையிலிருந்து ஒரு சாண் தூக்க வேண்டும்.
வாசல் மேற்கே கூடாது, காற்று அங்கிருந்து.
கூரை கையோடு கழன்று வர வேண்டும்,
உள்ளே கழுவ, உண்ணி தேட.
தாராளத்தை வெளியே காட்டு:
கம்பி வேலி, ஆறுக்கு எட்டு மீட்டர்.

விலையைச் சொன்னேன்.
கத்தி நின்றது. தோல் பாதியில் தொங்கியது.
"இந்த விலைக்கு நானே உள்ளே போய்ப் படுப்பேன்."

மே மாதம் கொண்டுபோய் இறக்கினேன்.
கொக்கியைக் கழற்றினாள்.
துனாய் வீட்டுக்குள் போகவில்லை.
தொத்திறைச்சி வைத்தோம், பழைய கம்பளி வைத்தோம்,
அண்ணனின் கெட்ட வார்த்தைகளைக்கூட
அவள் சொல்லிப் பார்த்தாள்.
சரி, வழிகாட்டலாமென்று நான் தலையை நுழைத்தேன்.
தோள் போனது. இடுப்பு போகவில்லை.
பைன் பலகை வாசனை, வைக்கோல், இருட்டு,
வெளியே யார்மிலாவின் சிரிப்பு,
என் பூட்ஸின் அடியில் ஈர மூக்கு ஒன்று
முதன்முறையாக என்னை விசாரித்தது.
கூரையைக் கழற்றித்தான் என்னை எடுத்தாள்.
(கூரை நன்றாகக் கழன்றது. அதையும் எழுதிவைக்கிறேன்.)

மறுநாள் ஆலங்கட்டி மழை.
யாரும் சொல்லாமலே உள்ளே போனதாம்.

ஜூலையில் போன் வந்தது.
"வட்டமாகவே நடக்கிறது.
சங்கிலி இருந்த நீளம்தான், ஒரு விரல் கூடவில்லை.
நாலு மூலையிலும் புல் முழங்கால் உயரம்.
மூலைகளுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடு."
விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ,
பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன்.
நாற்பத்தெட்டில் வட்டம் இருபத்தெட்டு.
இருபது சதுர மீட்டர் அவளுக்குக் கடன்.

அவளிடம் சொல்லாத ஒன்று:
மனைவி போய் நாலு வருஷம்,
இரட்டைக் கட்டிலில் நான் இன்னும்
இடப்பக்கம்தான் படுக்கிறேன்.

டிசம்பர், விடியாத ஐந்தே முக்கால்.
"தூங்குகிறாயா? ராத்திரி பனி விழுந்தது.
காலடி தெளிவாக இருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வட்டம், வட்டம், மறுபடி வட்டம்,
அப்புறம் ஒரு வரிசை பிரிந்து போகிறது,
நேராக, ஆற்றைப் பார்த்த மூலைக்கு.
அங்கே பனியில் மஞ்சளாக ஒரு ஓட்டை."
மூச்சு வாங்கினாள்.
செருப்போடு வெளியே ஓடியிருப்பாள்.
"ஒரு மூலைக்கு ஐந்து கழித்துக்கொள்.
மீதி பதினைந்து."

போனை வைத்துவிட்டு இருட்டில்
வலப்பக்கம் கையை நீட்டினேன்.
போர்வை அங்கே சில்லென்று இருந்தது.
கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.